சென்னையில் சாக்கடைத் தண்ணீர் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்தில் பாதாளச் சாக்கடைப் புகார்களைக் கவனிப்பது என் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு "சார், சேம்பர் பொங்குது" என்று போன் வரும். போய்ப் பார்த்தால், அதே கேள்விகளைத்தான் ஒவ்வொருவரும் கேட்பார்கள். வருடக்கணக்கில் பதில் சொல்லிச் சொல்லி, பதில் தெரியாதபோது விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை இங்கே எழுதுகிறேன். எல்லாம் சென்னையை வைத்துத்தான். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சிங்க்கில் ஊற்றுகிற தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

சமையலறை, குளியலறை, கழிப்பறைக் குழாய்கள் எல்லாம் வீட்டு வாசலில் இருக்கும் சேம்பரில் வந்து சேரும். அங்கிருந்து தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்க்குப் போகும். தெருக் குழாயில் பம்பு எதுவும் கிடையாது. சரிவில்தான் ஓட வேண்டும். விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இருக்கும்படி சரிவு கொடுப்பார்கள். அதற்குக் குறைந்தால் மணலும் மலமும் குழாயிலேயே தங்கிவிடும்.

சென்னையோ தட்டையான ஊர். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ஆழமாகிக்கொண்டே போகும். ஓரளவுக்கு மேல் ஆழம் தோண்ட முடியாது என்று வரும்போது அங்கே ஒரு பம்பிங் ஸ்டேஷன் கட்டி, கழிவுநீரைக் கிணற்றில் சேர்த்து, மேலே ஏற்றி, அடுத்த குழாய்க்கு அனுப்புவார்கள். இப்படிப் பல இடங்களில் ஏறி இறங்கித்தான் அது சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்கிறது. கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய நான்கும் பெரிய நிலையங்கள். பம்பிங் ஸ்டேஷனில் கரண்ட் போனாலோ மோட்டார் பழுதானாலோ பல தெருக்கள் தள்ளி இருக்கும் உங்கள் சேம்பர் பொங்கும். உங்கள் வீட்டில் அடைப்பே இருக்காது.

பாதாளச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சாலையோரத்தில் கான்கிரீட் பலகை மூடிய கால்வாய் மழைநீர் வடிகால். அது மாநகராட்சியுடையது. தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் நேராக ஆற்றுக்கோ கால்வாய்க்கோ கடலுக்கோ கொண்டுபோகும். சாலை நடுவில் வட்ட மூடி போட்டிருப்பது பாதாளச் சாக்கடை. அது குடிநீர் வாரியத்துடையது. முன்னதற்கு 1913, பின்னதற்கு 1916 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாற்றிச் சொன்னால் ஒருவர் வந்து பார்த்துவிட்டு "இது எங்களுது இல்ல" என்று போய்விடுவார், உங்களுக்கு இரண்டு நாள் வீணாகும்.

மழை பெய்தால் மட்டும் சேம்பர் ஏன் பொங்குகிறது?

மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயை நம்மில் பலர் சாக்கடைச் சேம்பரோடு இணைத்திருக்கிறோம். பாதாளச் சாக்கடைக் குழாய் மழைக்காகப் போட்டது இல்லை. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் செலவழிப்பார், அதில் சுமார் 80 சதவீதம் கழிவாக வெளியேறும் என்று கணக்குப் போட்டுத்தான் குழாயின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் மாடியிலிருந்து ஆயிரக்கணக்கான லிட்டர் கொட்டினால் அது எங்கே தாங்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தெருவில் தண்ணீர் தேங்கியதும் யாராவது கடப்பாரையை எடுத்துவந்து மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவார்கள். தெருத் தண்ணீர் வடிந்த மாதிரி தெரியும். ஆனால் அது தாழ்வான அடுத்த தெருவில், தரைத்தளத்தில் இருப்பவரின் கழிப்பறைக் கோப்பை வழியாக மேலே வரும். திறந்த மூடி தேங்கிய தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. ஆள் விழுந்தால் அவ்வளவுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். மாடித் தண்ணீர் போக வேண்டிய இடம் மழைநீர் சேகரிப்புத் தொட்டி. 2003 முதல் தமிழ்நாட்டில் அது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்.

அடைப்பு எதனால் வருகிறது?

போன வருடம் எங்கள் தெரு முனையில் மூன்று நாள் பொங்கியது. ஜெட் ராடிங் லாரி வந்தது. தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் குழாயை மேன்ஹோலுக்குள் விட்டார்கள். உள்ளே போகும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம். ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப இழுத்து, மறுபடி விட்டு, நாலாவது முறை குபுக்கென்று திறந்துகொண்டது. அப்புறம் கம்பி வைத்து வெளியே எடுத்துப் போட்டார்கள். வெள்ளையாக, சோப்புக் கட்டி மாதிரி கெட்டியாக, தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை. உடைத்தால் உள்ளே சானிட்டரி நாப்கின், தலைமுடி, குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்தாள், ஷாம்பு பாக்கெட். எல்லாவற்றையும் பிடித்து ஒட்டவைத்தது சமையல் எண்ணெய்.

சூடான எண்ணெய் சிங்க்கில் ஊற்றும்போது தண்ணீர் மாதிரித்தான் ஓடும். பூமிக்கு அடியில் குழாய் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே ஆறிப் பிசுபிசுப்பாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் முடி, அதன்மேல் துணி. எண்ணெயை ஆறவைத்துப் பழைய பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் கொடுங்கள். வாணலியைக் கழுவுவதற்கு முன் ஒரு காகிதத்தால் துடைத்துவிடுங்கள். நாப்கினைப் பொட்டலமாகக் கட்டித் தனியாகக் கொடுங்கள். கழிப்பறையில் போடலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் ஈரத்தாளையும் போட வேண்டாம். அது சாதாரண டிஷ்யூ மாதிரிக் கரைவதில்லை. கட்டட வேலை நடக்கும் வீடுகளில் சிமென்ட் கலந்த தண்ணீரைச் சேம்பரில் கழுவிவிடுவது எல்லாவற்றையும்விட மோசம். அது குழாய்க்குள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும். ரோட்டைத் தோண்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடைப்பு எடுக்க ஆள் இறங்கலாமா? "பழக்கப்பட்டவர்தான்" என்கிறார்களே?

கூடாது. எந்தச் சமாதானமும் வேண்டாம். கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். மூடிய சாக்கடையில் காற்று இல்லாமல் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். கொஞ்சமாக இருக்கும்வரை மூக்கு எச்சரிக்கும். 100 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய்விடும், நாற்றமே தெரியாது. "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். அளவு இன்னும் கூடினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்கப் போகிறவரும் விழுவார். இப்படி ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் போன செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம். பழக்கத்தால் நுரையீரல் அந்த வாயுவைத் தாங்கக் கற்றுக்கொள்வதில்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அழைத்த வீட்டுக்காரரும் இதிலிருந்து தப்ப முடியாது. 2014 இல் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இறங்குகிறவர் யார் என்பதையும் பேசாமல் விட முடியாது. தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதியினரின் தலையில்தான் இந்த வேலை கட்டப்பட்டிருக்கிறது. "கொஞ்ச நேர வேலைதான், ஆயிரம் ரூபாய் தர்றேன்" என்று நம் வாயால் கேட்கும்போது அந்தக் கட்டாயத்தைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்கிறோம். வேலையைச் செய்ய இயந்திரம் இருக்கிறது. ஜெட் ராடிங், உறிஞ்சும் லாரி, வாளி வைத்துத் தூர் எடுக்கும் இயந்திரம் எல்லாம் புழக்கத்தில் உள்ளவை. கேரளத்தில் உருவான பேண்டிகூட் என்ற ரோபோ 2018 வாக்கிலேயே கும்பகோணத்துக்கு வந்துவிட்டது. யாராவது இறங்குவதைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள், 14420 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருவர் உள்ளே விழுந்திருந்தால் நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

சுத்திகரிப்பு நிலையத்தில் என்னதான் செய்கிறார்கள்?

முதலில் ஒரு விஷயம். கழிவுநீரில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர்தான். மிச்சம் இருக்கும் அந்தத் துளியை எடுப்பதற்குத்தான் இவ்வளவு பெரிய ஏற்பாடு.

உள்ளே வந்ததும் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக், பூமாலை, பொம்மைகூட அங்கே மாட்டும். அடுத்து மணல் படியும் தொட்டி. அதன்பிறகு பெரிய வட்டத் தொட்டியில் இரண்டு மணி நேரம்போல அசையாமல் நிற்கவிட்டால் கனமானவை அடியில் படியும். இதுவரை நடந்ததை ஒரு குடத்துத் தண்ணீரைத் தெளியவைப்பது மாதிரி நினைத்துக்கொள்ளலாம்.

உண்மையான வேலை இனிமேல்தான். காற்றூட்டும் தொட்டி என்று ஒன்று உண்டு. பழுப்பு நிறத்தில் கொதிப்பது மாதிரிக் குமிழிட்டுக்கொண்டிருக்கும். வேதிப்பொருள் எதையோ கலக்குகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது, அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். காற்று கிடைத்ததும் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாக்கள் கரைந்திருக்கும் கழிவைத் தின்று பெருகும். அடுத்த தொட்டியில் அவை கொத்துக் கொத்தாக அடியில் படியும், மேலே தெளிந்த நீர் வழியும். படிந்ததில் ஒரு பகுதியை, தோசைமாவுக்குப் பழைய மாவு சேர்ப்பது மாதிரி, மறுபடியும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவார்கள். புதிதாக வரும் கழிவைத் தின்னப் பட்டாளம் தயாராக இருக்க வேண்டுமே. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் 1914 இல் இந்த முறையை வெளியிட்டார்கள். நூறு வருடம் கழித்தும் உலகத்தின் பெரும்பாலான பெரிய நகரங்கள் இதையோ இதன் வாரிசு ஒன்றையோதான் நம்பி இருக்கின்றன.

கடைசியாகக் கிருமி நீக்கக் குளோரின். ஒரு கண்ணாடிக் குவளையில் உள்ளே வந்த தண்ணீரும் இன்னொன்றில் வெளியே போகும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நம்பவே முடியாது. வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பிஓடி என்கிறார்களே, அது என்ன?

தண்ணீரில் இருக்கும் கழிவைத் தின்று முடிக்க பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு. வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். சுத்திகரித்தபின் 20 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். வராத தண்ணீரை ஆற்றில் விட்டால், பாக்டீரியா ஆற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும்.

அடியில் படிந்த சகதியை என்ன செய்கிறார்கள்?

காற்றுப் புகாத பெரிய கலன்களில் வாரக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். அதில் மீத்தேன் நிறைந்த சாண எரிவாயு மாதிரியான வாயு கிடைக்கும். சென்னையின் நிலையங்களில் அந்த வாயுவை எரித்து மின்சாரம் எடுத்து, நிலையத்தை ஓட்டவே பயன்படுத்துகிறார்கள். மிச்சத்தைப் பிழிந்து காயவைத்தால் கறுப்பு மண் மாதிரி ஆகும். எருவாகப் போட முடியும். ஆனால் பட்டறை, சாயக் கழிவு எதுவும் கலக்காத சாக்கடையாக இருந்தால்தான். கன உலோகம் சேர்ந்துவிட்டால் அந்த மண்ணை வயலில் போடக் கூடாது.

சுத்தமான தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது?

கோயம்பேட்டிலிருந்து கூவத்துக்கு, நெசப்பாக்கத்திலிருந்து அடையாற்றுக்கு, கொடுங்கையூரிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய்க்கு. பெரும்பகுதி இப்படித்தான் போகிறது.

ஒரு பகுதிக்கு மட்டும் வேறு வழி உண்டாகியிருக்கிறது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு, லாரிக்காக ராத்திரி முழுக்கக் குடத்தோடு நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே வருடத்தில்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில், சுத்திகரித்த நீரை மறுபடி வடிகட்டி எதிர்சவ்வூடு பரவல் முறையில், அதாவது ஆர்ஓ முறையில், தூய்மையாக்கும் நிலையங்கள் தொடங்கின. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறது. கொதிகலனுக்கும் குளிர்விப்பானுக்கும் ஏரித் தண்ணீர்தான் வேண்டும் என்று இல்லை. தொழிற்சாலை வேண்டாம் என்று விடுகிற ஒவ்வொரு லிட்டர் ஏரித் தண்ணீரும் நம் குடத்துக்கு வருகிறது. மணலியின் பெரிய ஆலைகள் 1990களிலேயே சாக்கடை நீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. நல்ல வழி தெரிந்திருந்தும் அதை விரிவாக்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

அதைக் குடிக்கலாமா?

சரியாகச் செய்தால் குடிக்கலாம். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் குடித்துக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் 2003 இல் நியூவாட்டர் என்று பெயர் வைத்து அறிமுகம் செய்தது. அங்கே பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது, ஒரு பகுதி நீர்த்தேக்கத்தில் கலக்கப்படுகிறது. முகச்சுளிப்பு புரிகிறது. ஆனால் மேட்டூர் நீரைக் குடிக்கும் ஊர்களும் தமக்கு மேலே இருக்கும் ஊர்களின் கழிவு கலந்த ஆற்றைத்தான் சுத்திகரித்துக் குடிக்கின்றன.

இவ்வளவு நிலையங்கள் இருந்தும் கூவம் ஏன் நாறுகிறது?

நிலையத்துக்கு வராத கழிவுநீரால். 2011 இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த இடங்கள் பலவற்றில் பல ஆண்டுகள் பாதாளச் சாக்கடை இருக்கவில்லை. அங்கே பலரும் கழிவைப் பக்கத்து மழைநீர் வடிகாலில் விட்டார்கள். அது நேரே ஆற்றுக்குத்தான் போகும். மழைக்காலம் தவிர ஆற்றில் ஓட்டமும் கிடையாது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கடல் நீரும் உள்ளே வந்து அலசுவதில்லை.

இது சென்னைக்கு மட்டுமான கதை இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. கட்டப்பட்ட நிலையங்களின் கொள்ளளவு 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர்தான். நிலையம் கட்டியிருக்கிறோம், அதுவரை தண்ணீரைக் கொண்டுவரும் குழாயும் வீட்டு இணைப்பும் பாக்கி. ரிப்பன் வெட்டப் போகிற இடத்தைப் பற்றி நாம் கேட்கிற அளவுக்கு மண்ணுக்கு அடியில் போகும் குழாயைப் பற்றிக் கேட்பதில்லை.

எங்கள் ஏரியாவில் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். அது போதாதா?

ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகச் சுத்தம் செய்தால் போதும். செப்டிக் டேங்க்கில் கழிவு மூன்று அடுக்காகப் பிரியும். மேலே பாலாடை மாதிரி மிதக்கும் படலம், அடியில் சகதி, நடுவில் கலங்கல் நீர். நடு நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். அடியும் பக்கமும் நீர் கசியாதபடி பூசியிருக்க வேண்டும். புறநகரில் பல வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்வது, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் எதுவும் போடாமல் விட்ட குழி. "எங்க டேங்க் பதினைந்து வருஷமா நிறையவே இல்ல சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையவில்லை என்றால் நிலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு போர்வெல் இருக்கும்.

நல்ல டேங்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உறிஞ்ச வேண்டும். பொங்கும்வரை காத்திருந்தால் அடியில் சகதி இறுகி, லாரிக் குழாயால் உறிஞ்ச முடியாமல் போகும். ஆளை இறக்கச் சொல்லும் நிலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆசிட், அளவுக்கு மீறிய பிளீச்சிங் பவுடர் வேண்டாம், உள்ளே வேலை செய்யும் பாக்டீரியா செத்துவிடும்.

கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது?

அரசு குறித்துக் கொடுத்த பம்பிங் ஸ்டேஷனிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ கொட்ட வேண்டும். முன்பெல்லாம் இருட்டியதும் ஏரியோரம், கால்வாய், காலி மனை என்று கிடைத்த இடத்தில் திறந்துவிடுவார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அப்படி எவ்வளவோ வாங்கியிருக்கிறது. 2014 இல் தமிழ்நாடு அரசு இதற்கென்று வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழி மாதிரிச் சின்ன ஊர்களில், செப்டிக் டேங்க் கழிவுக்கு மட்டும் தனி நிலையம் கட்டியிருக்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாத எளிமையான ஏற்பாடு, ஆனால் இது இல்லாவிட்டால் அந்த லாரி ஏரிக்கரையில்தான் நிற்கும். இப்போது லாரிகளுக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் கட்டாயம். கூப்பிடுகிற லாரிக்கு உரிமம் இருக்கிறதா, எங்கே கொட்டப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கேட்கிறவர் அதை எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்று யோசித்தாலே போதும்.

எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே எஸ்டிபி, அதாவது சின்னச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. எப்போதும் நாறுகிறது, நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் மின் கட்டணத்தை மிச்சம் பிடிக்க ராத்திரியில் காற்றூதும் மோட்டாரை அணைத்துவிடுவதுதான் காரணம். காற்று இல்லாவிட்டால் நல்ல பாக்டீரியா சாகும், அழுக வைக்கும் பாக்டீரியா பெருகும். பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர நாள்கணக்கில் ஆகும். மோட்டாரைத் தொடர்ந்து ஓடவிட்டு, படிந்த சகதியை முறையாக எடுத்தாலே முக்கால்வாசி நாற்றம் போய்விடும். கிடைக்கும் நீரைத் தோட்டத்துக்கும் கழிப்பறை ஃபிளஷுக்கும் விடுங்கள். எஸ்டிபி அறைக்கும் மேன்ஹோலுக்குச் சொன்ன அதே விதிதான், தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

ஊருக்குப் போய்விட்டு வந்தால் பாத்ரூமில் சாக்கடை நாற்றம் அடிக்கிறதே?

இது சுலபம். தரைச் சல்லடைக்குக் கீழே டிராப் என்ற வளைந்த குழாயில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பத்துப் பதினைந்து நாள் புழங்காவிட்டால் காய்ந்துவிடும். சல்லடையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள், ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். அதற்கப்புறமும் நாற்றம் நின்றபாடில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு டிராப் உடைந்திருக்கிறதா, வாயு வெளியேற மாடிக்குப் போகும் வென்ட் பைப் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.